ஹேம்பிள் ஆற்றில் ஒரு மாடிப் படகு

"அம்மா, வீடு பார்க்கப் போறோம், நீயும் வா" என்று மகள் கூப்பிட்டபோது, நாலு சுவரும் கூரையும் உள்ள வீடு என்றுதான் நினைத்தேன். புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக் கொண்டு, பேத்திக்கு ஒரு டப்பாவில் தயிர்சாதம் பிசைந்து எடுத்துக் கொண்டு காரில் ஏறினேன். கார் போய் நின்ற இடத்தில் வீடே இல்லை. ஆறு இருந்தது. ஆறு முழுக்கப் படகுகள்!

இங்கிலாந்தின் தென்கரையில் சவுதாம்ப்டன் இருக்கிறதே, 1912-ல் டைட்டானிக் கப்பல் புறப்பட்ட ஊர், அங்கேதான் மாப்பிள்ளைக்கு வேலை. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹேம்பிள் என்ற சின்ன ஆறு கடலில் சேருகிறது. நம் ஊர் வாய்க்காலை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு கரையிலும் மரப்பலகை நடைபாதைகள் போட்டு, மாட்டுச் சந்தையில் மாடு கட்டின மாதிரி வரிசையாகப் படகுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பாய்மரக் கம்பிகள் காற்றில் கிணுகிணு என்று அடித்துக் கொண்டே இருக்கின்றன. அக்கரையில் வார்சாஷ் என்று ஒரு ஊர். அங்கே போக ஒரு குட்டி ஓடம். அதற்கு ரோஜா நிறப் பெயின்ட்! பேத்திக்கு அதைப் பார்த்ததும் ஒரே கும்மாளம்.

"எங்கே மாப்பிள்ளை வீடு?" என்றேன்.

"இதோ நிக்குதே அத்தை, இதுதான்" என்று கை காட்டினார்.

வெள்ளை வெளேரென்று, 45 அடி நீளத்தில், மாடி வைத்த ஒரு படகு. மோட்டார் யாட் என்கிறார்கள். பணக்காரர்கள் உல்லாசத்துக்காக வாங்குவது. ஆனால் இது புதிது இல்லை, 18 வருஷம் ஆன பழசு. அப்படியும் விலை 1,80,000 பவுன்! எனக்குத் தலை சுற்றியது. "அத்தை, இந்தப் பக்கம் ஒரு நல்ல வீடு வாங்கினா இதுக்கு மேல ஆகும். முப்பது வருஷம் கடன் கட்டணும். இது வீடும் ஆச்சு, வண்டியும் ஆச்சு" என்றார் மாப்பிள்ளை. அவருக்குப் படகென்றால் உயிர். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் என்னையும் கூட்டி வந்திருக்கிறாள்.

சும்மா சொல்லக் கூடாது, உள்ளே போனால் அசந்து போவீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் நம் வீடு மாதிரியே. பின்பக்கம் தேக்குப் பலகை போட்ட ஒரு திண்ணை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஹால். செர்ரி மரத்தில் இழைத்து மெருகேற்றிய அலமாரிகள், குதிரை லாட வடிவத்தில் சோபா, நடுவில் மடக்கு மேஜை. ஹாலின் முன்பக்கம் ஓட்டுபவருக்கு நாற்காலியும் ஸ்டியரிங்கும். அதே ஸ்டியரிங், அதே கருவிகள் மொட்டை மாடியிலும் இன்னொரு ஜோடி இருக்கின்றன. அந்தத் திறந்த மாடிக்குத்தான் ஃப்ளைபிரிட்ஜ் என்று பெயர், பறக்கும் பாலம்! படகுக்கு எதற்குப் பாலம் என்று கேட்டேன். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள் சுழலுமாம். அவற்றின் மூடிகளை இணைத்து குறுக்கே ஒரு பாலம் போட்டு, அதன் மேல் நின்றுதான் காப்டன் உத்தரவு கொடுப்பாராம். கப்பல் மாறியும் பெயர் மாறவில்லை. மாடியில் சோபா, சின்ன ஐஸ் பெட்டி, வெயிலில் படுக்க ஒரு மெத்தை எல்லாம் உண்டு. ஏறும் படிதான் ஏணி மாதிரி செங்குத்து. இரண்டரை வயசுக் குழந்தை உள்ள வீட்டில் அதற்கு ஒரு கதவு வேண்டாமோ?

என் கண் போனது சமையலறைக்கு. நாலு படி கீழே இறங்கினால் கப்பல் சமையலறை. நான் கையை நீட்டினால் இரண்டு சுவரும் எட்டியது. ஆனால் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! அடுப்பைச் சுற்றி ஒரு கம்பி வேலி. அலை ஆட்டினால் பாத்திரம் நழுவாமல் இருக்க. ஒவ்வொரு இழுப்பறைக்கும் அமுக்குப் பூட்டு. தொட்டிக்கு ஒரு மூடி. மூடிப் போட்டால் அதுவே காய் நறுக்கும் மேடை. வெந்நீருக்கு ஒரு தந்திரம்: இஞ்சினைக் குளிர வைக்கும் சூடான நீர், வெந்நீர்த் தொட்டிக்குள் குழாயாகச் சுற்றிப் போகிறது. இரண்டு மணி நேரம் படகு ஓட்டினால் எல்லாருக்கும் குளிக்க வெந்நீர் தயார். கரையில் நிற்கும்போது கரையிலிருந்து கரண்ட் எடுத்துக் கொள்ளலாம். தண்ணீரில் போகும்போது அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர்தான். அடுப்பும் மின்சார அடுப்பு. சின்னப் படகுகளில் கேஸ் அடுப்பு இருக்கிறதாம். அதில் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். கேஸ் காற்றை விடக் கனம் இல்லையா, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கிவிடும். சிலிண்டர் மாற்றுகிற நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று படுக்கை அறைகள், இரண்டு குளியலறை. முன்பக்க அறையில் மூன்று பக்கமும் நடமாட இடம் விட்டு ஒரு ராணிக் கட்டில். மெத்தையைத் தூக்கினால் அடியில் பெரிய பெட்டி. அங்கே கொஞ்சம் பூஞ்சை வாடை. அதை மகளிடம் மெதுவாகச் சொன்னேன்.

அன்று பழம் படகுகளைப் பரிசோதிக்கும் ஒரு சர்வேயர் வந்திருந்தார். அறுபது வயது இருக்கும், முழங்கால் வரை கிரீஸ். பத்து சதவீதம் முன்பணம் கொடுத்தாயிற்று. இவர் சரி என்றால்தான் மிச்சம். இரண்டு அகலப் பட்டைகளை அடியில் கொடுத்து, ராட்சத வண்டி ஒன்று அந்தப் படகை அப்படியே தொட்டில் குழந்தையாகத் தண்ணீரிலிருந்து தூக்கியது பாருங்கள், நான் வாயைப் பிளந்து நின்றேன். அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக் கிடந்தன. சர்வேயர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கொண்டே போனார். சந்தையில் நாம் மண்பானையைத் தட்டி வாங்குகிறோமே, அதே வித்தை! நல்ல இடம் 'டங்' என்கிறது, உள்ளே பிளவு விட்ட இடம் 'டொப்' என்கிறது. கண்ணாடி இழையில் செய்த படகு வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் மெல்ல ஈரத்தை உறிஞ்சி, அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்புமாம். குத்தினால் வரும் நீர் வினிகர் வாடை அடிக்குமாம். இதில் அப்படி நாலைந்துதான் இருந்தன, பெரிய விஷயமில்லை என்றார். துடுப்பு விசிறிக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருந்தார்கள். உப்புநீர் உலோகத்தை அரிக்க வரும்போது முதலில் இந்தத் துத்தநாகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். தான் கரைந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிற எத்தனை அம்மாக்களை நமக்குத் தெரியும்! இதில் பாதி கரைந்திருந்தது. அது நல்லதாம், வேலை செய்கிறது என்று அர்த்தம். இஞ்சின் எண்ணெயிலும் கொஞ்சம் சின்னப் புட்டியில் பிடித்துக் கொண்டார். நாம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பது மாதிரி அதைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார்களாம்.

மத்தியானம் படகைத் திரும்ப நீரில் இறக்கி, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஆற்றில் ஆறு நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அது நல்லதாகப் போயிற்று, வேடிக்கை பார்க்க முடிந்தது. மேலே பர்ஸ்ல்டன் என்ற ஊரருகே சேற்றுக்குள் ஒரு பழைய போர்க்கப்பல் புதைந்து கிடக்கிறதாம். ஐந்தாம் ஹென்றி ராஜா கட்டி 1418-ல் நீரில் விட்ட 'கிரேஸ் டியூ'. அந்தக் காலத்தில் அதற்கு ஈடான கப்பல்கள் குறைவு. பெரிதாக ஒரு சண்டையும் போடாமல் ஆற்றிலேயே நின்று, 1439-ல் இடி விழுந்து எரிந்து போயிற்று. ராஜா வீட்டுக் கப்பலுக்கும் அந்த கதிதான் என்று நான் முணுமுணுத்தது மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது. சிரித்தார்.

சவுதாம்ப்டன் நீர்ப்பரப்பில் ஒரு அதிசயம் உண்டு. கடல் ஏறி வந்தால் மற்ற ஊர்களைப் போல உடனே வடிவதில்லை. ஏறினது ஏறினபடி வெகுநேரம் நிற்கும். சில நாள் இரண்டாம் தடவை கூட ஏறும். பெரிய பெரிய கப்பல்களுக்கு அந்தத் துறைமுகம் வசதியானதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று தண்ணீர் அப்படித்தான் தட்டில் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. எட்டாம் ஹென்றி கட்டின கால்ஷாட் கோட்டை, எதிரே வைட் தீவு, அதில் விக்டோரியா ராணி 1901-ல் கண்மூடிய ஆஸ்போர்ன் மாளிகை இருக்கும் திசை என்று புரோக்கர் மேலிருந்து கத்திக் கத்திச் சொன்னார். அவரும் மாப்பிள்ளையும் மாடியில். வேகத்தை ஏற்றினார்கள். இந்த வேகத்தில் மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்குமாம். அங்கேயே நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

வெளியே குளிர்காற்று. குழந்தைக்கு ஒத்துக்காது என்று மகளும் நானும் ஹாலில் உட்கார்ந்தோம். பால் காய்ச்ச வேண்டும், ஹீட்டரும் வேண்டும், ஜெனரேட்டரைப் போட்டார்கள். முன்ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தினேன். பின்பக்கக் கண்ணாடிக் கதவு மட்டும் திறந்திருந்தது, இஞ்சினைப் பார்க்க சர்வேயர் போய் வந்து கொண்டிருந்ததால்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி. மகள் வயிற்றைப் பிடித்துக் கொண்டாள். "புரட்டுதும்மா" என்றாள். புரோக்கர் எட்டிப் பார்த்து, "முதல் தடவை கடலில் போனால் அப்படித்தான்" என்று அன்பாக இஞ்சி பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார். நம் இஞ்சிக் கஷாயத்தின் வெள்ளைக்காரத் தம்பி அது. நானும் கடல் மயக்கம் என்றே நினைத்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. தண்ணீர்தான் ஆடவே இல்லையே! ஜன்னல் விளிம்பில் வைத்த டம்ளர் அசையவில்லை. அசையாத படகில் என்ன மயக்கம்?

பேத்தியைப் பார்த்தேன். பாலைக் குடிக்காமல் சோபாவில் சரிந்து கிடந்தாள். "குட்டிம்மா, இங்க பாரு, ரோஸ் போட்!" என்றேன். கண்ணைத் திறந்தாள், பார்வை நிலைக்கவில்லை, மறுபடி மூடிக் கொண்டாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மயங்கினவர்களைக் காற்றாடக் கொண்டு போவதுதானே நம் வழக்கம்? யோசிக்கவே இல்லை. புடவையை வரிந்து கட்டிக் கொண்டு குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு அந்த ஏணிப் படியில் ஏறினேன். ஏறும்போது முழங்கால் துணிபோல் துவண்டது. அதே நேரம் சர்வேயர் பின்கதவு வழியாக ஹாலுக்குள் வந்தார். அவர் சட்டைப் பையில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி கீச்கீச் என்று அலறியது. அவர் போட்ட சத்தம் மாடி வரை கேட்டது: "எல்லாரும் வெளியே! ஜெனரேட்டரை நிறுத்து!"

கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாசனையில்லை. எண்ணெயோ கேஸோ கரியோ முழுசாக எரியாமல் புகையும்போது வருவது. ரத்தத்தில் பிராணவாயு ஏறி உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும். பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம். கடல் மயக்கத்துக்கும் அதே அடையாளம்தான். அதனால்தான் படகில் இது இரண்டு மடங்கு ஆபத்து. குழந்தைகளையும் வயிற்றில் இருக்கும் சிசுவையும் சீக்கிரம் தாக்கும்.

மாடிக் காற்றில் கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தாள். அந்த அழுகையைப் போல இனிமையான சங்கீதம் நான் கேட்டதில்லை. கரைக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரி. மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்த வாயு கொஞ்சம் இருந்தது. முகமூடி வைத்து இரண்டு மணி நேரம் பிராணவாயு கொடுத்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். மாப்பிள்ளை வாசல் பெஞ்சியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. ஆசைப்பட்டது தப்பா?

சர்வேயர் சாயங்காலம் வீடு தேடி வந்து விவரம் சொன்னார். பின்திண்ணைக்கு அடியில் மூடி போட்ட அறையில்தான் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் இணைப்பு இற்றுப் போய், பக்கத்து வெள்ளைச் சுவரில் கரி படிந்திருந்தது. யாரோ அதன் மேல் டேப் சுற்றி மறைத்திருந்தார்கள். நம் சமையலறையில் ஸ்டவ் புகைந்தால் சுவரில் படியுமே, அதே கரி. அது பாதிக் கதைதான். படகு வேகமாக ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பி வரும். முன்னால் எல்லாவற்றையும் சாத்தி, பின்கதவை மட்டும் திறந்து வைத்தால், புகையைக் கைப்பிடித்து ஹாலுக்குள் அழைத்துக் கொண்டு வந்து விடும். குழாய் நன்றாக இருந்தாலும் அப்படி ஆகலாம். முன்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் காற்று முன்னிருந்து பின்னே ஓடியிருக்கும். நானோ பேத்திக்குக் குளிரக் கூடாதென்று ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.

"அலாரம் இருந்ததே?" என்று மகள் கேட்டாள். இருந்தது; ஹால் கூரையில் வெள்ளையாக, அழகாக. அதற்கும் ஆயுள் உண்டாம், மாடலுக்குத் தகுந்தபடி ஏழிலிருந்து பத்து வருஷம். பின்பக்கம் போட்டிருந்த தேதி முடிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி, இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில், கட்டி நின்ற ஒரு மோட்டார் படகில் ஒரு தாயும் அவளுடைய பத்து வயது மகளும் இந்த வாயுவால் இறந்து போனார்கள். குளிருக்கு ஹீட்டர் போட ஜெனரேட்டர் ஓடியது. தாங்களாகவே செய்து மாட்டிய புகைக்குழாய் இணைப்பு விட்டுப் போயிருந்தது. அந்தப் படகிலும் அலாரம் இருந்தது. ஆனால் அதற்கு மின் இணைப்பு இல்லை. 2019-லிருந்து உள்நாட்டு ஆறுகள், கால்வாய்களில் இருக்கும் அறையுள்ள படகுகளுக்கு அலாரம் கட்டாயம் என்று அங்கே விதி வந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிற்கும் சொந்தப் படகுகளுக்கு அந்த விதி எட்டாது, அவரவர் புத்திதான்.

இதைக் கேட்டு, படகு என்றாலே ஆகாது என்று நான் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். நான் சொன்னது வேறு. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். கட்டி வைக்கும் இடத்துக்கு வருஷ வாடகை 12,000 பவுனுக்குக் குறையாது. நிரந்தரமாகக் குடியிருக்கப் பல இடங்களில் அனுமதியும் கிடையாது. வருஷம் ஒரு தடவை தூக்கிக் கழுவிப் பெயின்ட் அடிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ். இரண்டு இஞ்சின்களுக்கும் பராமரிப்பு. குழந்தைக்காகக் கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றி வலை, கால்களுக்கு இடையே பட்டை உள்ள லைஃப் ஜாக்கெட். தாள் நிறைந்துவிட்டது.

"புகைக்குழாயை மாத்திக் கொடுக்கிறோம், விலையிலும் குறைக்கிறோம்னு சொல்றாங்க அத்தை" என்றார் மெதுவாக.

"குழாயை மாத்தலாம் மாப்பிள்ளை. டேப் சுத்தி மறைச்ச கை வேற எங்கெல்லாம் சுத்தியிருக்கோ?" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மகள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமை வாடகைக்கு ஒரு படகு எடுப்போம். அலாரத்தை நானே கொண்டு வரேன்." மறுநாள் காலை மாப்பிள்ளை போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பி வந்தது. சர்வேயருக்கும், தூக்கி இறக்கியதற்கும் கொடுத்தது போனது போனதுதான்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர்கள் சொன்னபடியே ஒரு சின்னப் படகில் போனோம். மாடி இருந்தது; நான் கீழே இறங்கவே இல்லை. ரோஜா நிற ஓடம் எதிரே வந்தபோது பேத்தி எழுந்து நின்று கையாட்டினாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை என் கையில் இரண்டு நிமிஷம் கொடுத்தார்! நேராகத்தான் ஓட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டோடு அந்த அலாரத்திலும் இரண்டு வாங்கி வந்தேன். பெங்களூரில் பெரியவன் வீட்டுக் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீஸர். ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும். மருமகளுக்குக் குளித்து வந்தால் தலைவலி வருகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். வந்த மறுநாளே ஆளைக் கூப்பிட்டு, கீஸரைக் கழற்றி வெளியே பால்கனிச் சுவரில் மாட்ட வைத்தேன். "என்னம்மா அவசரம், அடுத்த வாரம் பார்க்கலாமே" என்றான் அவன். குளியலறைக் கூரையைக் காட்டினேன். கீஸர் இருந்த இடத்துக்கு மேலே, வட்டமாக, கரி.